உன் நாக்கு சொன்னது

உன்னைக் கொன்றது இந்தக் கம்பெனிதான், அக்கா. பாறை அவர்களுடையது, கெட்டில் அவர்களுடையது, அவசரமும் அவர்களுடையது. அந்தப் பாறைமேல் கொதிக்கிற தண்ணீரை ஊற்றச் சொன்ன வாய் மட்டும் என்னுடையது.

இதை ரிசப்ஷன் சோபாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ தினமும் இரண்டு முறை துடைத்த, ஒருமுறைகூட உட்காராத அதே சோபா. என் பேண்ட் முழங்கால்வரை உப்புத்தண்ணீர். ஈரத்தோடு உட்காராதே என்று சொல்ல வந்த செக்யூரிட்டி அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். எதிரே ஆறடி நீளத்துக்குத் தொட்டி. காலையிலிருந்து அதைப் பிரித்து, வெட்டி, மறுபடி அடுக்கி முடித்திருக்கிறேன். இப்போது அட்மின் சாரின் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறேன். காகிதம் கையில் இருந்தது, பேனாவும் இருந்தது. உனக்கு எழுதலாம் என்று தோன்றியது.

காலையில் மூடியைத் தூக்கியதும், மாஸ்க்கை மாட்டுவதற்கு முன்பே அந்த வாடை வந்துவிட்டது. உப்பு, சேறு, கொஞ்சம் அழுகிய முட்டை. மூன்று வருடத்துக்கு முன்னால் முதல் தடவை பாறையை வெளியே எடுத்து வைத்தபோது ரிசப்ஷனில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். நீ மட்டும் துடைப்பத்தோடு கிட்டே வந்து குனிந்து மோந்து பார்த்தாய்.

“பழவேற்காட்டுல எங்க சித்தி ஊட்டாண்ட இதே நாத்தம்தான் தம்பி. ஏரி வத்தினா அடிக்கும். இதப் போயி காசு குடுத்து வாங்கிக்கினு வந்துக்கீறாங்களா?”

அதுதான் நீ என்னிடம் பேசிய முதல் பேச்சு.

நீ காண்ட்ராக்டில் வந்த ஹவுஸ்கீப்பிங் ஆள். கவரைப்பேட்டையிலிருந்து காலை ரயிலில் வருவாய். நான் கொளத்தூர் மீன் கடையிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருகிற தொட்டிக்காரன். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து, இதே கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மூன்று கம்பெனியில் அப்ரண்டிஸ் பார்த்து, மூன்றிலும் ‘தேவைப்பட்டா கூப்புடுறோம்’ என்று அனுப்பப்பட்டவன். கம்பி உருட்டுகிற கம்பெனியின் வாசலில் எதற்காகக் கடலைக் கொண்டுவந்து வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து உட்கார்ந்தால் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும் என்றார்கள். அந்தத் தண்ணீர் இருபத்தைந்து டிகிரிக்கு மேல் போகக் கூடாது. அதற்கென்று தனி குளிர்விப்பான், கரண்ட் போனால் ஓட தனி பேட்டரி. சுவருக்கு அந்தப் பக்கம் இரும்பு காய்ச்சுகிற பர்னஸ்.

“இதுங்களுக்கு வேர்த்தா அலாரம் அடிக்குது. அங்க நிக்கிறவனுக்கு வேர்த்தா மோர் ஊத்துறாங்க. அதுவும் மே மாசத்துல மட்டும்,” என்றாய் ஒரு நாள். கோபமாகச் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, நேரம் சொல்வதுபோலச் சொன்னாய்.

நீ வருத்தப்பட வேண்டிய இடத்தில் வருத்தப்படாதவள். அது எனக்கு எரிச்சலாக இருந்தது. லாரி எடை போடும் மேடையைக் காட்டி, இங்கேதான் ஒரு கிணறு இருந்தது, கல்யாணத்துக்கு முன்னால் இங்கே நாற்று நட்டிருக்கிறேன் என்றாய். கஷ்டமா இல்லையா அக்கா என்று கேட்டேன்.

“இன்னாத்துக்குக் கஷ்டம்? அது இன்னா எங்க நெலமா? அப்பவும் கூலி, இப்பவும் கூலி. இப்ப ஏசில கூலி, அவ்ளோதான்.”

மீனுக்குத் தீனி போடும் வேலை உன் தலையில் விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ரிசப்ஷன் பொண்ணு விரல் நாறுகிறது என்று சொல்லிவிட்டதால், அட்மின் சார் அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்த உன்னைப் பார்த்து “ஏம்மா, இனிமே நீ போடு” என்றார். அவர் உன்னை எப்போதும் ‘ஏம்மா’ என்றுதான் கூப்பிட்டார். பேன்ட்ரியிலிருந்து ஒரு ரோஸ் கலர் பிளாஸ்டிக் கரண்டியை எடுத்து வைத்துக்கொண்டாய். ஒரு மாதத்தில் எந்த மீன் எந்தப் பொந்தில் தூங்கும் என்று எனக்குச் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டாய். மற்ற மீன்களைத் துரத்திக்கொண்டே இருக்கிற நீல மீனுக்கு ‘சூப்பர்வைசர்’ என்று பெயர் வைத்தாய். “அது தானும் துன்னாது, துன்றவனையும் உடாது.”

அதைவிட ஆச்சரியம் உன் நாக்கு. நான் தொட்டித் தண்ணீரை ஒரு சொட்டு எடுத்து, உப்பு பார்க்கிற மீட்டரில் விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். நீ விரலை நனைத்து நாக்கில் வைப்பாய். “ஒரு கல்லு தூக்கலா கீது தம்பி.” மீட்டரும் அதையே சொல்லும். “இன்னிக்கு சப்புனு கீது, மேல நல்ல தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டியா?” ஊற்றித்தான் இருப்பேன். ஒரு தடவை மீட்டர் ஒன்று சொல்ல, நீ வேறொன்று சொன்னாய். மீட்டர்தான் கெட்டுப்போயிருந்தது. அன்றிலிருந்து நான் முதலில் உன்னைக் கேட்டுவிட்டுத்தான் மீட்டரை வெளியே எடுப்பேன். உன் நாக்கு ஒரு நாளும் தப்பாகச் சொன்னதில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள் அக்கா. நான்தான் ஒரு நாள் மறந்தேன்.

அந்தப் பழுப்புப் பூ வந்த கதையையும் எழுத வேண்டும். கொளத்தூர் முதலாளி தெர்மாகோல் பெட்டியில் அனுப்பிய பவளங்களோடு, கட்டைவிரல் அளவு ஒரு கல்லில் ஏழெட்டு ஒட்டிக்கொண்டு இலவசமாக வந்தது. கடையில் அதை ‘பட்டன்’ என்பார்கள். சட்டைப் பொத்தான் மாதிரி வட்டமாக, ஓரத்தில் சின்னச் சின்ன விரல்களோடு இருக்கும். தொட்டால் மூடிக்கொள்ளும், கொஞ்ச நேரம் கழித்துத் திறக்கும். நீ அதைப் ‘பித்தான் பூ’ ஆக்கினாய்.

அந்தப் பெட்டிக்கு பில் எழுதியவன் நான். முதலாளி போனில் சொன்னார். “பவளம்னு எழுதாத. அதுக்கெல்லாம் பர்மிட் பேப்பர் கிடையாது. செயற்கை அலங்காரப் பொருள்னு போடு.” போட்டேன். நீ என் தோளுக்குப் பின்னாலிருந்து எழுத்துக் கூட்டிப் படித்தாய்.

“செயற்கைன்னா பொம்மைதானே? இது தொட்டா மூடிக்குதே.”

“சும்மா பேப்பருக்கு அக்கா.”

“பேப்பருக்கா. அப்ப சரி. பேப்பர்ல நான்கூட வாரத்துக்கு ஆறு நாளுதான் வரேன்.”

இரண்டு பேரும் சிரித்தோம். ஏழு நாளும் வந்துகொண்டிருந்தவள் நீ.

முதல் வருடம், பித்தான் பூ இல்லாத ஒரு பாறையில் பச்சைப் பாசி மயிர் மாதிரி வளர்ந்துவிட்டது. அதை பேன்ட்ரிக்கு எடுத்துப்போய், டீ போடுகிற பெரிய கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஊற்றி, பிரஷ்ஷால் தேய்த்தேன். பாசி கொழகொழவென்று கழன்று வந்தது. நீ பக்கத்தில் நின்று பார்த்தாய். “நம்ப ஊட்டுல தலைவாணி உறைக்குப் பண்றதுதான்,” என்றாய். அன்றைக்கு உனக்கும் ஒன்றும் ஆகவில்லை, எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்திருந்தால்கூடப் போதும்.

பித்தான் பூ பெருகியது. தொட்டியில் எது பெருகினாலும் முதலில் அழகாகத்தான் இருக்கும். ஒரு வருடத்தில் அது முன்வரிசைப் பாறைகளை மூடியது. இரண்டாவது வருடம் பக்கத்திலிருந்த பச்சைக் கிளைப்பவளத்தின்மேல் ஏறியது. அந்தப் பவளம் உனக்குப் பிடிக்கும். அடியில் வெளிச்சம் போகாமல், தண்ணீர் ஓடாமல், பாறைச் சந்துகளில் கசடு சேர்ந்தது. மாதம் ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்துக் கூட்டத்தைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு இரண்டு ஆள், ஒரு முழு நாள். கம்பெனி ஒரு ஆளுக்கு, இரண்டு மணி நேரத்துக்குத்தான் ஒப்பந்தம் போட்டிருந்தது. நான் கண்ணாடியைச் சுரண்டிவிட்டு, தண்ணீரை மாற்றிவிட்டு, அடுத்த தொட்டிக்கு ஓடினேன்.

போன மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை நீ கூப்பிட்டாய். நான் நீலாங்கரையில் ஒரு பங்களாத் தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டிருந்தேன்.

“தம்பி, எங்க கீற?”

“நீலாங்கரையில அக்கா. சொல்லு.”

“அட்மின் சாரு குதிக்கிறாரு. நாளான்னிக்கு ஜெர்மன்காரன் வர்றானாம். கண்ணாடி முழுக்க பித்தான் பூ மூடிக்கினு கீது, மீனே தெர்ல. ஒரே பேஜாரா கீதுப்பா.”

“சனிக்கிழமை வந்துடுறேன்.”

“அதுக்குள்ள அவன் ஊருக்கே போயிடுவான். நானே எடுத்துடவா?”

“முன்னாடி இருக்கிற கல்லு ரெண்டு மட்டும் எடு. கையுறை போட்டுக்கோ. பேன்ட்ரில வெச்சு சுடுதண்ணி ஊத்தித் தேச்சா வந்துடும்.”

“அன்னிக்குப் பாசி எடுத்தோமே, அதே மாதிரியா?”

“அதே மாதிரிதான்.”

இந்த ஒரு பதிலை நான் ஒன்பது மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்லும்போது என் வலது கை தண்ணீருக்குள் இருந்தது. போனைத் தோளில் இடுக்கியிருந்தேன். யோசித்துச் சொன்னதல்ல. யோசிக்காததற்கு எனக்கு ஒரு சாக்கும் இல்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி கூப்பிட்டாய். ரயிலில் இருந்தாய், சத்தம் கேட்டது.

“கல்லு ரெண்டும் பளிச்சுனு ஆயிடுச்சு. ஆவிதான் மூஞ்சில அடிச்சுது, ஒரே நாத்தம். தம்பி, வாயெல்லாம் ஒரு மாதிரி கீதுப்பா. இரும்ப நக்கின மாதிரி.”

நான் சிரித்தேன் அக்கா. “கும்மிடிப்பூண்டில யாருக்கு வாயில இரும்பு ருசி இல்ல? இன்னிக்கு பர்னஸ்ல புகை ஜாஸ்தியா?”

“அது வேறப்பா. அது தொண்டைல கீறும். இது நாக்குல நிக்குது.”

“ரெண்டு வாழைப்பழம் துன்னுட்டுப் படு. காலையில சரியாயிடும்.”

ரயில் ஹாரன் அடித்து ஓய்ந்தது. அப்புறம் “சரி நைனா” என்றாய். எப்போதாவதுதான் என்னை அப்படிக் கூப்பிடுவாய்.

வேறு எந்த ஊராக இருந்தாலும், வாயில் இரும்பு ருசிக்கிறது என்று ஒருத்தி சொன்னால் கேட்கிறவன் பயந்திருப்பான். இங்கே பிறந்த எங்களுக்கு அது காலை நாஷ்டாவோடு சேர்ந்தது. பல் விளக்கினாலும் போகாது. மொட்டைமாடியில் காயப்போட்ட வெள்ளைத் துணியில் கரும்புள்ளி விழுவதைப்போல, ஒருவரும் பேசாத சங்கதி. எந்த ருசியைச் சொல்லி நீ உதவி கேட்டாயோ, அதை இந்த ஊர் முன்பே எங்கள் எல்லோருடைய வாயிலும் போட்டுவைத்திருந்தது. அதனால் எனக்குக் கேட்கவில்லை. மறுநாள் காலை ஸ்டேஷனுக்குப் பக்கத்து டாக்டருக்கும் கேட்கவில்லை. குளிர், காய்ச்சல், மூச்சு இழுக்கிறது, வாயில் இரும்பு என்று நீ சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி என்று உன் வீட்டுக்காரர் சொன்னார். “கம்பெனில வேலையா?” ஆமாம் என்றாய். “அதான். டஸ்ட்டு.” ஒரு ஊசி, ஒரு டானிக்.

உனக்கு ஏற்கெனவே வீசிங் இருந்தது. மூன்றாவது நாள் பெரிய ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது. காகிதத்தில் நிமோனியா.

அந்த வியாழக்கிழமை ஜெர்மன்காரர் வந்தார். தொட்டியின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார் என்று ரிசப்ஷன் பொண்ணு பிறகு சொன்னாள். நீ கழுவிவைத்த இரண்டு கல்லும் முன்வரிசையில் வெள்ளையாகத் தெரிந்திருக்கும். உன்னைப் புதைத்த அன்று கம்பெனி சார்பில் காண்ட்ராக்டர் ஒரு மாலை கொண்டுவந்து வைத்தார். மாலையில் கம்பெனி பெயர் இல்லை.

காரணம் எனக்குத் தெரிந்தது பத்து நாள் கழித்து. கடையில் முதலாளி மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். கும்மிடிப்பூண்டித் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா இறந்துவிட்டார்கள், பட்டன் கல்லைக் கழுவிய மறுநாளே காய்ச்சல் என்று சொன்னேன். அவர் கை நின்றது.

“எப்படிக் கழுவினா? கொதிக்கிற தண்ணியிலயா?”

“ஆமா.”

“வாய்ல இரும்பு மாதிரி இருக்குன்னு சொன்னாளா?”

நான் அவரையே பார்த்தேன். உன் வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது. அந்தப் பூவுக்குள் விஷம் இருக்கிறது, கையில் காயம் இருந்தால் உள்ளே போகும், கொதிக்கவைத்தால் ஆவியோடு மூச்சில் போகும், முதலில் வாயில் இரும்பு ருசிக்கும் என்று அவர் விவரமாகச் சொன்னார். தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் என்றார்.

“தெரியும்னா ஏன் என்கிட்ட சொல்லல?”

“நீ கேக்கவே இல்லையே தம்பி.”

அன்றோடு அந்தக் கடையை விட்டேன். விட்டதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. அவரிடம் நான் கேட்கவில்லை. நீயாகச் சொன்னதையும் நான் கேட்கவில்லை.

உன் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், பூவின் விஷத்தைப் பற்றி மட்டும் நான் சொல்லக் கேட்டு, தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தார். மீன் தொட்டியைக் கழுவியதில்தான் இது நடந்தது, விசாரிக்க வேண்டும் என்று மட்டும் எழுதியிருந்தார். நான்கு மாதம் கழித்துக் கம்பெனியின் பதில் வந்தது. தொட்டியில் மீனைத் தவிர உயிருள்ளது எதுவும் இல்லை, இருப்பவை அனைத்தும் செயற்கை அலங்காரப் பொருட்கள், அதற்கான பில் இணைக்கப்பட்டுள்ளது. இணைப்பில் என் கையெழுத்து. ‘ற்’ மேல் புள்ளியை வட்டமாகப் போடுகிற என் கெட்ட பழக்கத்தோடு.

அண்ணன் அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். திட்டியிருக்கலாம். “நீ எழுதினதுதானேப்பா இது? நீ படிச்சவன். நீயே பொம்மைன்னு எழுதிட்டா, நான் இன்னா சொல்லி அவன்கிட்ட நிப்பேன்?”

போன வாரம் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். நீ போன பிறகு வந்தவர் கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டுப் போயிருக்கிறார். தொட்டி முழுக்கப் பழுப்புப் புதர். மறுபடி யாரோ வருகிறார்கள். எனக்குத்தான் அந்தத் தொட்டி தெரியும் என்று என் போன் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினார் அட்மின் சார். “மொத்தமா எடுத்துரு. ஒண்ணுகூட இருக்கக் கூடாது. கலர் கலரா நாலு புதுசா வெச்சு, நீட்டா செட் பண்ணிக் குடு.”

ஒண்ணுகூட இருக்கக் கூடாது என்பதை இரண்டு தடவை சொன்னார்.

நேற்று சாயங்காலம் கவரைப்பேட்டைக்குப் போனேன். அண்ணனிடம் இதுவரை சொல்லாததைச் சொன்னேன். சுடுதண்ணி ஊற்றச் சொன்னது நான். அதே மாதிரிதான் என்று சொன்னது நான். இரும்பு ருசி என்று நீ சொன்னபோது சிரித்தது நான். அவர் கயிற்றுக் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

“அவ உன்ன அவ்ளோ நம்புனா,” என்றார். பிறகு, “இதக் கேட்டு நான் இன்னா பண்றது? எங்கிட்ட சொல்லாத. அங்க போயி எழுது. இப்பவாவது உள்ளத எழுது.”

அதற்காகத்தான் இன்று வந்தேன் அக்கா.

முழு மாஸ்க், கண்ணாடி, நீளக் கையுறை எல்லாவற்றையும் நானே வாங்கிக்கொண்டு வந்தேன். கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் “இன்னா தம்பி, நெலாவுக்கா போற?” என்றார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, “அப்ப அந்தப் பொண்ணு சும்மா ரப்பர் கையுறையோடவா பண்ணுச்சு?” என்று கேட்டார். இந்த ஒன்பது மாதத்தில் கம்பெனிக்குள் ஒருவர் கேட்ட ஒரே சரியான கேள்வி அதுதான்.

பாதித் தண்ணீரை டிரம்மில் இறக்கினேன். மீன்களைத் தனித்தனி டப்புகளில் பிரித்தேன். சூப்பர்வைசர் கடைசிவரை வலைக்குள் வரவில்லை. பாறைகளைக் காய விடாமல், தண்ணீருக்குள்ளேயே வைத்து உளியால் பெயர்த்து, பித்தான் பூ இருந்த துண்டுகளை மூடி போட்ட வாளிகளில் உப்புத்தண்ணீரோடு அடைத்தேன். தேய்க்கவில்லை, சூடு காட்டவில்லை. இப்படிச் செய்ய வேண்டிய வேலை இது. ஐந்து மணி நேரம் ஆனது. உனக்கு அரை மணி நேரம் கொடுத்திருந்தார்கள். உன் பச்சைக் கிளைப்பவளம் புதருக்கு அடியில் வெறும் எலும்பாக இருந்தது. ஒரு கிளையின் நுனியில் மட்டும் நகக்கண் அளவு பச்சை. அதை உடைத்து மேலே, வெளிச்சம் படுகிற இடத்தில் ஒட்டவைத்தேன்.

பின்பக்கத்துப் பாறைச் சந்தைக் கிளறியபோது அது கிடைத்தது. உன் ரோஸ் கலர் கரண்டி. “சூப்பர்வைசர் முட்டினதுல கரண்டிய உள்ள உட்டுட்டேன், எட்டவே மாட்டேங்குது” என்று நீ சொன்னதும், போகட்டும் விடு என்று நான் சொன்னதும் ஞாபகம் வந்தது. கைப்பிடி மட்டும் ரோஸாகத் தெரிந்தது. கரண்டியின் குழி முழுக்கப் பித்தான் பூ, நெருக்கமாக, பதினைந்து இருபது. அந்தத் தொட்டியில் இருந்த ஒரே செயற்கைப் பொருள் அதுதான். அதன்மேலும் உயிர் ஏறியிருந்தது.

அதை மட்டும் தனியாக ஒரு மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் தொட்டித் தண்ணீரோடு எடுத்துவைத்தேன்.

பாறைகளை இடைவெளி விட்டு அடுக்கி, தண்ணீர் எல்லாச் சந்திலும் ஓடுகிறதா என்று பார்த்து, மீன்களை விட்டேன். உப்பை மீட்டரில் பார்த்தேன். சரியாக இருந்தது. யாரும் அதை உறுதிப்படுத்தவில்லை.

அட்மின் சார் வந்து பார்த்தார். “சூப்பர். இதான் வேணும்,” என்று போட்டோ எடுத்துக்கொண்டு, சர்வீஸ் ரிப்போர்ட்டை நீட்டினார். முன்பே டைப் செய்து வைத்திருந்தார்கள். ‘செயற்கை அலங்காரப் பொருட்கள் அகற்றப்பட்டன.’ கீழே என் கையெழுத்துக்கு ஒரு கோடு, அவர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

நான் ‘செயற்கை’யை அடித்தேன். ‘அலங்காரப் பொருட்க’ளையும் அடித்தேன். மேலே ‘உயிருள்ள, விஷமுள்ள பவளங்கள்’ என்று எழுதினேன். பழைய பில்லில் நான் எழுதியது பொய் என்றும், கொதிநீர் ஊற்றச் சொன்னது நான் என்றும் அதன் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஜாடியை ரிசப்ஷன் மேசையில் அவர் முன்னால் வைத்தேன்.

“இன்னாப்பா இது?”

“அக்கா கழுவினது இதுதான் சார்.”

“எந்த அக்கா?”

நடிக்கவில்லை அவர். யோசித்துப் பார்த்தார், முகம் வரவில்லை. பிறகு காகிதத்தைப் படித்தார். முகம் வந்துவிட்டது.

“இதுல நான் கையெழுத்துப் போட்டா உனக்கும்தான் கேஸ் வரும். பேப்பர் இல்லாத சரக்க வித்தவன் நீ. புரியுதா?”

“புரியுது சார்.”

“அப்புறம்?”

நான் கையுறையைப் போட்டுக்கொண்டு, ஜாடியின் மூடியைத் திறந்து, ஒரு குச்சியால் கரண்டியின் ஓரத்தைத் தொட்டேன். ஒன்று மூடியது. அதைப் பார்த்துப் பக்கத்தில் இன்னொன்று. ஓரத்திலிருந்து உள்ளே, ஒவ்வொன்றாக எல்லாம் மூடிக்கொண்டன. கெட்டியான பழுப்புப் பொத்தான்கள். மூடியைப் போட்டேன். “பொம்மை மூடிக்குமா சார்?” என்று கேட்டேன். நீ அன்றைக்கே கேட்டது.

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். போன் அடித்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

அது இரண்டு மணிக்கு. இப்போது ஷிஃப்ட் மாறும் சங்கு ஊதிவிட்டது. ஜாடி என் மடியில் இருக்கிறது. இதை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்கப் போகிறேன், சாகவிட மாட்டேன். ஆய்வாளர் அலுவலகத்தில் மேசைமேல் வைக்கும்போது அது மூட வேண்டும், திறக்க வேண்டும். வேலை முடிந்து மாஸ்க்கைக் கழற்றியதிலிருந்து என் வாயில் இரும்பு ருசி. இது தொண்டையில் கீறுகிறதா, நாக்கில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். தொண்டையில்தான், அக்கா. வெறும் புகைதான். இப்படிப் பிரித்துப் பார்க்க நீதான் சொன்னாய். நான் கேட்டுக்கொண்டது இவ்வளவு தாமதமாக.

பித்தான் பூக்கள் மறுபடி ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருக்கின்றன. அட்மின் சாரின் அறைக்கதவு திறக்கிறது. பையை மாட்டிக்கொண்டு, தொட்டியைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல் வாசலை நோக்கி நடக்கிறார். எழுந்து ரிப்போர்ட்டை நீட்டுகிறேன்.

“கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க சார்.”